முத்திரை வைக்க முடியாத குவியல்

எனக்குத் தெரிந்து, எவரையும் நம்பாமலே எல்லோரோடும் நல்ல உறவில் இருந்த ஒரே மனிதர் மரக்காணத்து முத்திரைதான். அவருக்கு வேறு பெயர் உண்டு. அது அவருடைய உப்புக் கடை பில்லில் மட்டும் இருந்தது.

உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை, மாலையில் கிளம்பும் முன் எழுத்து செதுக்கிய மரக்கட்டையால் நாலு பக்கமும் அழுத்திவிட்டுப் போவது பழைய வழக்கம். யாராவது ஒரு கூடை அள்ளியிருந்தால் காலையில் தடம் கலைந்திருக்கும். மற்றவர்கள் அந்தக் கட்டையை அளத்துக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுபோனார். அரிசிப் பானை, சர்க்கரை டப்பா, வாசலில் கொட்டிய கட்டட மணல், எல்லாவற்றிலும் பதித்தார். மகள் கல்யாணத்தில் பந்திக்கு வடித்துக் கொட்டிய சோற்றின் மேல் பதிக்கப் போனபோது சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தக் கட்டை இருக்கணும்."

முத்திரை கொஞ்ச நேரம் யோசித்தார் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்டவரின் வங்கிக் கணக்கில்தான் யாரோ கை வைத்துவிட்டார்கள். 2006, உப்பு சீசன் தொடங்கும் நேரம். திண்டிவனத்துச் சாக்கு வியாபாரிக்கு இவர் கொடுத்த செக், பணமில்லை என்று திரும்பிவிட்டது. முப்பது வருஷ வியாபாரத்தில் அவர் செக் திரும்பியது அதுதான் முதல் தடவை. "இனிமே ரொக்கம் குடுத்துட்டு சாக்கு எடுத்துக்கச் சொல்லு" என்று வியாபாரி ஆள்விட்டுச் சொன்னார். சாக்கு இல்லாமல் லாரியில் உப்பு ஏறாது. ஆனால் முத்திரையைக் குத்தியது லாரி அல்ல, அந்தச் சொல்.

விசாரித்ததில், சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி மூன்று மாதமாக அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏதோ தொழில் வழிகாட்டிப் புத்தகத்தில் அவர் உப்புக்கு அரைப் பக்க விளம்பரமாம். மாதாமாதம் எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்று அவர் கையெழுத்தோடு ஒரு படிவமும் இருந்தது. வெளியூர் வியாபாரிகளின் வசதிக்காகக் கணக்கு எண்ணைப் பில்லிலேயே அச்சடித்து, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்து வந்தவர் அவர். ஒரு பில் கையில் கிடைத்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

"விளம்பரமா? உப்பு நல்லாருக்குதுன்னு நான் எதுக்கு சார் சொல்லணும்? கொழம்பு சொல்லிடும்" என்றார் மேனேஜரிடம்.

"கையெழுத்து உங்களுது மாதிரிதாங்க இருக்குது."

"முத்திரை இல்லியே."

"பேங்க்ல அதெல்லாம் செல்லாதுங்க."

"அப்ப இங்க இருக்கிற குவியலுக்குச் சாயங்காலம் யாரு சார் முத்திரை வைக்கிறது?"

மேனேஜர் மனு எழுதித் தரச் சொன்னார்.

நான் அப்போது ஒரு நாளிதழின் வட்டாரச் செய்தியாளன். அவர் சொல்லச் சொல்ல ஆறு மனு எழுதினேன். வங்கி திறக்கும்போது முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்காருவார். சத்தம் போட மாட்டார். சாப்பாட்டு வேளையில் போய்விட்டு மறுபடி அதே இடத்துக்கு வருவார். இரண்டாவது வாரத்தில் ஊழியர்கள் லீவு போடுவதானால் அவரிடமும் சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினார்கள்.

மேனேஜர் பொறுக்க முடியாமல் கம்பெனிக்கு எழுதி, ஆளை வரவழைத்தார். டை கட்டிய ஒருவன் படிவத்தோடு வந்து இறங்கினான்.

"நான்தான் சார் கையெழுத்து வாங்கினேன். பெரியவர் மறந்துட்டார்."

"எங்கப்பா வாங்கினே?" என்றார் முத்திரை, மிக அன்பாக.

"உங்க உப்பளத்துலதான். நவம்பர் மாசம். படிவத்துலயே போட்டிருக்குது பாருங்க."

"வெயிலா, மழையா?"

"நல்ல வெயில் சார்."

"நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"ஆளுங்க உப்பு வாரிட்டிருந்தாங்க. நீங்க குவியல் பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தீங்க."

கேஷியர் எண்ணிக்கொண்டிருந்த நோட்டுக் கட்டைக் கீழே வைத்தார். பென்ஷன் வாங்க வந்த வரிசை அப்படியே திரும்பியது. முதலில் சிரித்தது பியூன்.

"ஏம்பா, நவம்பர்ல அங்க எதையாவது வாரணும்னா வலை எடுத்துட்டுல்ல போகணும்?"

மழைக்காலத்தில் மரக்காணத்து அளங்கள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். பொங்கல் கழித்து வடிந்த பிறகுதான் பாத்தி கட்டுவார்கள். அந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் இது தெரியும். அதிலும் 2005 மழையில் முத்திரையின் கொட்டகைக்குக் கூரை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"நீந்திக்கிட்டேவா வாங்கினே?" என்றார் முத்திரை. அவன் டையைத் தளர்த்தினான்.

அடுத்த வாரம் பணம் முழுவதும் திரும்ப வந்தது. முத்திரை பெஞ்சை விட்டு எழவில்லை.

"அதான் பணம் வந்துடுச்சுங்களே" என்றார் மேனேஜர்.

"பேரு வரலியே சார்."

செக் திரும்பியது இவர் தப்பில்லை என்று சாக்கு வியாபாரிக்கு வங்கி ஒரு கடிதம் எழுதியது. மேனேஜர் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கொடுத்தார். முத்திரை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அழுத்தமா விழல சார். இன்னொருவாட்டி வைங்க."

மேனேஜர் எழுந்து நின்று வைத்தார். மறுநாள் கடனுக்கே சாக்கு வந்து இறங்கியது.

அந்த வருஷக் கடைசியில் எனக்குச் சென்னைக்கு மாற்றல். ஒரு நாள் காலை முத்திரை எங்கள் வீட்டு வாசலில் நின்றார், கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்து, ஆடாமல் கொண்டுவந்திருந்தார். திறந்தால் வெள்ளை வெளேரென்று உப்பு, அதன் மேல் கட்டையின் தடம்.

"வழியில யாரும் கை வைக்கல. நல்லா பாத்துக்கோங்க" என்றார். காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மனைவி கரண்டியோடு வந்தாள். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடிவிட்டாள். ரொம்ப நாள் எங்கள் வீட்டில் பாக்கெட் உப்பு வாங்கித்தான் சமைத்தோம்.