பனிமேல் பறந்த போர்வை

"மாமா, இன்னிக்குப் பனி சரியில்ல. இன்னொரு நாள் பாக்கலாமே?"

"இவ்வளவு வெள்ளையாக் கிடக்கு, சரியில்லையா? ரெண்டு நாள் குதிரையில வந்திருக்கேன். நீ சறுக்குறதைப் பாத்த பிறகுதான் என் மக லிம்போவைக் கட்டிக் குடுக்குற பேச்சு."

ஆப்பிரிக்க நாடான லெசோதோவின் மலுட்டி மலையில் உள்ள அந்தப் பனிச்சறுக்கு விடுதியில் செகாகே பாத்திரம் கழுவுகிறவன். பெண் வீட்டில் மட்டும், சறுக்கச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் என்று அளந்துவிட்டிருந்தான்.

"பூட்ஸ் கிழிஞ்சிருக்கு மாமா."

"தைச்சுட்டு வா. எங்களுக்கு அவசரமில்ல" என்று தன் தம்பியோடு சரிவின் அடியிலேயே உட்கார்ந்துவிட்டார் பெரியவர் மொலெஃபி.

செகாகே பின்கட்டுக்கு ஓடினான். நிஜ வாத்தியார் புலெங் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தாயே, நான் தினமும் போத்துற இந்தப் போர்வையைப் போத்திக்கிட்டு ஒரே ஒரு தடவை இறங்கு. கண்ணாடியும் முகமூடியும் போட்டா யாருக்குத் தெரியும்?"

"மாட்டிக்கிட்டா?"

"என் கல்யாணம் போச்சு."

"ஒரு மாசம் என் தட்டை நீதான் கழுவணும்."

"இப்ப மட்டும் யார் கழுவுறாங்களாம்?"

உச்சியில் தெரிந்த புள்ளி சட்டென்று சரிந்தது. சுற்றிலும் பழுப்பு மலைகள். நடுவில் அந்த ஒற்றை வெள்ளைச் சரிவு. அதில், நெஞ்சருகே ஊசி குத்தி மாட்டிய போர்வை படபடக்க, வளைந்து வளைந்து இறங்கினாள் புலெங். பனித்தூள் வெயிலில் பொன்னாகப் பறந்தது. ஜன்னலில் நின்ற செகாகே வாயைப் பிளந்தான். தினமும் தலைக்கு மேல் இது நடக்க, ஒரு வருஷமாகத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறானே! அடடா, மனுஷப் பிறவி செய்கிற காரியமா இது?

மொலெஃபி எழுந்து தொப்பியைக் கழற்றினார். "இன்னொரு தடவை!"

புலெங்குக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. இந்த முறை மேட்டிலிருந்து தாவி, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள்.

சரிவின் அடியிலிருந்த கொட்டகைக்குப் பின்னால் அவளிடமிருந்து போர்வையைப் பிடுங்கிப் போர்த்திக்கொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றான் செகாகே. பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

"அறுபது வருஷமா இந்த மலையில கிடக்கேன், இப்படி ஒண்ணக் கண்டதில்ல. லிம்போ உனக்குத்தான் மாப்ளே! அடுத்த தடவை என்னையும் முதுகுல தூக்கிக்கிட்டு இறங்கு!"

பெரியவர் குதிரையை அவிழ்க்க நகர்ந்ததும், தம்பி செகாகேவின் காதருகே குனிந்தார்.

"அண்ணனுக்குக் கண்ணு மங்கல். எனக்கு நல்லாவே தெரியும். ஆம்பளை போர்வை ஊசியைத் தோள்ல குத்துவான், நெஞ்சுல குத்துறவ பொம்பளை. அண்ணனை நான் சமாளிச்சுக்கிறேன், நீ அந்தப் பொண்ணு எம்மவனைக் கட்டிக்குவாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."