குழிக்குத் திறப்பு விழா

நேர்வழிபுரம் என்றொரு நாடு இருந்தது. அங்கே பாலமோ கிணறோ, எது கட்டினாலும் அமைச்சர் வந்து நாடா வெட்டி, தம் பெயர் பொறித்த கல்லை நடுவார். கல் நடாத எதையும் அரசு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாது.

அந்நாட்டு ராஜவீதியில் ஒரு குழி. கருவாட்டுக் கூடையோடு அதில் விழுந்து சடைச்சிக்குக் கால் முறிந்தது. கட்டுப் போட்ட காலோடு நியாயம் கேட்டுச் சபைக்கு விந்தி விந்திப் போனாள். குழியின் பெயர்க்கல் எங்கே என்று கேட்டார் நீதிபதி. குழிக்கு ஏது கல் என்றாள்.

"கல் இல்லையேல் அது அரசின் குழியன்று. இல்லாத குழியில் விழுந்தது முழுக்க முழுக்க உன் சொந்த முயற்சி" என்றார் நீதிபதி.

அன்றே ஆணை பிறந்தது. விழுந்தவர்கள் வீதிக்கு அவப்பெயர் உண்டாக்குவதால் இனி அதில் நடக்கக் கூடாது. அடுத்த வாரம் இன்னோர் ஆணை. விழப்போகிறவர்கள் மூன்று நாள் முன்னதாக எழுதித் தெரிவிக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கப் போன இருவர் வழியிலேயே அதே குழியில் விழுந்தார்கள். முன்னறிவிப்பின்றி விழுந்த குற்றத்துக்கு அவர்களுக்கும் வீதி மூடப்பட்டது.

சந்தைக்கு வேறு வழி கிடையாது. வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கூடையை நம்பித்தான். சடைச்சிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"கல்லுதானே கேக்குறாங்க. நட்டுட்டாப் போச்சு" என்றாள் புருஷன் மாசாணத்திடம்.

மழை பெய்து குழி நிறைந்ததும் சாலை அமைச்சர் தீர்த்தகிரிக்கு மனு அனுப்பினாள். தங்கள் நல்லாட்சியில் எங்கள் வீதியில் குளம் ஒன்று உருவாகியிருக்கிறது, திறந்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். நாடா என்றால் அமைச்சருக்கு உயிர். மேளதாளத்தோடு வந்தார், வெட்டினார், கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். திறக்கும் பொருளைப் பார்க்கும் வழக்கம் அந்நாட்டு அமைச்சர்களுக்கு இல்லை. 'எமது மூன்றாண்டு அயராத உழைப்பில் உருவானது' என்ற கல்லும் நடப்பட்டது.

மறுநாள் சடைச்சி சபையில் நின்றாள்.

"ஐயா, நீங்க கேட்ட கல்லு வந்துருச்சுங்க."

நீதிபதி நேரில் போய் வாசித்தார். தாம் திறந்ததோடு சரி, தோண்டியது தாமல்ல என்று பதறினார் அங்கே வரவழைக்கப்பட்ட அமைச்சர்.

"அப்படியானால் கல் பொய் சொல்கிறதா, மாண்புமிகு அமைச்சரே?" என்று கேட்டார் நீதிபதி.

அரசின் கல் பொய் சொல்லாது என்பது அந்நாட்டின் முதல் சட்டம். சடைச்சிக்கு நட்டஈட்டை அமைச்சரே தர வேண்டும், வீதியையும் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

சேதி பரவியது. ஊருக்கு ஊர் குழிகளுக்குத் திறப்பு விழா அழைப்பிதழ் அச்சானது. அரண்டுபோன அமைச்சர்கள் அரசரிடம் ஓடினார்கள். நாட்டிலுள்ள பெயர்க்கற்களையெல்லாம் மூன்றே நாளில் பிடுங்கி, கண்ணில் படாமல் புதைக்கும்படி ஆணை வந்தது. புதைக்க இடம் தேடிய சேவகர்கள் அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. குழிகள் பக்கத்திலேயே இருந்தன.

நாலாம் நாள் சடைச்சி கூடையைத் தலையில் ஏற்றி, கோலை ஊன்றி ராஜவீதியில் இறங்கினாள். வீதி சமமாக இருந்தது. குழி இருந்த இடத்தில் தீர்த்தகிரியின் பெயர் பாதி வெளியே தெரிந்தது. பார்த்து நட என்றான் பின்னால் வந்த மாசாணம்.

"இத்தனை வருசத்துல இவரு பேரு இன்னைக்குத்தான் உதவுது" என்றபடி, அதன்மேல் அழுத்திக் கால் வைத்துச் சந்தைக்கு நடந்தாள்.