எஸ் எந்தப் பக்கம்?

பெருமதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உன் உடன்பிறந்தவனும் தையல்காரனுமாகிய தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தையல் மிஷின் நலம், இஸ்திரிப் பெட்டி நலம். மற்றபடி யாரும் நலமில்லை. அங்கே நீயும் அத்தானும் முழங்கால் வலியில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காலமெல்லாம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் நீ. உன்னை விட்டால் எனக்கு வேறு நாதியில்லை.

விஷயம் உன் மருமகளை, அதாவது என் மகளைப் பற்றியது. ஏழாம் வகுப்பு ஆங்கில இலக்கணத்தில் எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்று ஒரு பாடம். பரீட்சைக்கு முந்தின நாள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அப்பா, பாய்ஸ் ரன்னா, பாய்ஸ் ரன்ஸா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். நம் மொழியில் பையன்கள் ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களுக்கும் ஒரு 'கள்', ஓட்டத்துக்கும் ஒரு 'கள்'. அந்தத் தைரியத்தில், "ரெண்டு பக்கமும் எஸ் போடும்மா. பாய்ஸ் ரன்ஸ். தையல்னா ரெண்டு பக்கமும் சமமா விழணும்" என்று அடித்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மார்க்கு பாதிக்கும் கீழே வந்தது. முகம் தொங்கிப்போய் நின்றாள். விடைத்தாளைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "தப்பு என்னோடதுதாங்க, எனக்குப் புரியவைங்க" என்றேன். சின்ன வயசு, நல்ல பொறுமை. "சார், வீட்ல ஒரே ஒரு குடைன்னு வச்சுக்கங்க. எஸ்தான் அந்தக் குடை. பாய்ஸ் எடுத்துட்டுப் போயிட்டா, ரன் நனைஞ்சுக்கிட்டேதான் போகணும். பாய் எடுக்கலைன்னா ரன்னுக்குக் கிடைக்கும். பாய் ரன்ஸ்" என்றார். இவ்வளவுதானா என்று வாசல்வரை போனவன் திரும்பி வந்தேன். 'சில்ட்ரன் ரன்' என்கிறார்களே, இரண்டு பேரிடமும் இல்லையே, குடை எங்கே போயிற்று? 'டிரஸ் ஃபிட்ஸ்' என்றால் இரண்டு பேரிடமும் இருக்கிறதே, இன்னொன்று யார் வீட்டுக் குடை? நான் ஒற்றை ஆள்தானே, 'ஐ ரன்' என்று என்னை மட்டும் ஏன் நனையவிடுகிறார்கள்? டீச்சர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். "போகட்டுங்க, என் தொழில் சம்பந்தமா ஒண்ணு. ஒரே ஒரு சிசர்ஸ் இருந்தா இஸ்ஸா, ஆரா?" என்றேன். "ஆர் சார். ட்ரவுசர்ஸுக்கும் ஆர்தான்." அக்கா, இத்தனை காலம் பன்மையில் தொழில் செய்து ஒருமையில் பிழைத்திருக்கிறேன்!

அதே கிறுகிறுப்போடு கடைக்கு வந்து வங்கி மேனேஜரின் துணியை வெட்டினேன். பேன்ட் ஒன்றா இரண்டா என்ற யோசனையில் துணியைத் திருப்பிப்போட மறந்து, இரண்டுமே இடது காலாகிவிட்டது. "இதைப் போட்டுக்கிட்டு நான் எந்தப் பக்கம்யா நடக்கறது?" என்று அவர் கத்தினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன்: "இங்கிலீஷ்ல மரியாதையே கிடையாது. உங்கப்பா வந்தாலும் 'கம்ஸ்', தெருநாய் வந்தாலும் 'கம்ஸ்'." இலக்கணம்தான் சொன்னேன். "எங்கப்பாவ எதோட சேக்கறீங்க?" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலத்திலிருந்து மகளும் பேசுவதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் மிஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உலகத்துக் கதையெல்லாம் சொல்லுகிறவள், இப்போது நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காலி ஸ்டூலைப் பார்த்தால் ஊசியில் நூல் கோக்கக் கை வரவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தப்பைச் சொல்லிக்கொடுத்த பாவியாகிவிட்டேன். ஆகவே எஸ் எந்தப் பக்கம், எப்போது, ஏன் என்று என் மண்டையில் ஏறும்படி உடனே எழுது. படித்துத் தேறி அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எழுவாயும் வினையும் சண்டை சச்சரவின்றி நீடூழி ஒத்துப்போகட்டும்.

இப்படிக்கு,
தையல் விட்டுப்போன தம்பி.

பி.கு.: கடிதத்தை மடிப்பதற்குள் மகள் பிடுங்கிப் படித்துவிட்டாள். "அய்யோ அப்பா, நீங்க சொன்னத நான் எழுதவே இல்ல. டீச்சர் சொன்னபடிதான் எழுதுனேன், அதெல்லாம் ரைட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பாம விட்டுட்டேன், அதான் மார்க்கு போச்சு" என்றாள். "பிறகு ஏம்மா என்கிட்ட பேசல?" என்றேன். "ஸ்கூலுக்கு வந்து ஜன்னல் வழியா, 'பூசணிக்குட்டி, உங்க டீச்சர் எங்கடா'ன்னு கத்துனீங்கல்ல? இப்ப எவ்ரிபடி கால்ஸ் மீ பூசணிக்குட்டி!" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில், "வகுப்பே கூப்பிடுதுன்னா அது நிறைய பேராச்சேம்மா, கால்ஸ்னு எஸ் எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கதவு மறுபடியும் சாத்தியாகிவிட்டது. இலக்கணமெல்லாம் எழுத வேண்டாம் அக்கா, நேரில் வந்து சேர்.