பாயாசத்தில் ஒன்றும் இல்லை, சம்பந்தி

கெலமங்கலம்,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி நாராயணப்பன் அவர்களுக்கு (சம்பந்தி என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை, இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்), கெலமங்கலம் ராமப்பன் வணங்கி எழுதுவது. தாங்களும் சம்பந்தி அம்மாள் சரோஜம்மாளும் மாப்பிள்ளை சுரேந்தரும் காவேரிப்பட்டினத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் அப்படியே என்று எழுதினால் அது பொய். தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது, அதை மட்டும் உண்மையாகச் சொல்லலாம்.

பதினொரு நாளாகத் தங்கள் போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஆகவே, பள்ளிக்கூடம் விட்ட பிறகு பேனாவையே தொடாத நான், ஜெயப்ரியாவின் பழைய நோட்டில் இருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மன்னிக்கவும். மற்ற பிழைகளை வரிசையாகக் கீழே சொல்கிறேன், அவற்றையும் மன்னிக்கவும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் கை நனைக்க வந்தீர்கள். பெண் பார்த்த அன்று காபியோடு போனவர்கள், இந்த முறை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். கார்த்திகையில் முகூர்த்தம் என்று வாய்வார்த்தையும் ஆகியிருந்தது. பருப்பு, வடை, ரசம் எல்லாம் ஒழுங்காக உள்ளே போயின. நானும் நிம்மதியாக மோர் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சம்பந்தி அம்மாளின் இலைக்குப் பக்கத்தில் பாயாச டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிய என் மனைவி நாகம்மாள், சமையலறை வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பொற்கொடியிடம், தன் வழக்கமான குரலில், அதாவது ராயக்கோட்டை ரோடு வரை கேட்கிற குரலில், சொன்னாள்: "இன்னும் மூணு மாசந்தான்டி அந்த மாமியா. கார்த்திகையில மருமவ பாயாசத்துல மருந்தக் கலந்து குடுத்துருவா. மாமியா கத முடிஞ்சுது. போட்டோவுக்கு மால போட்டு ஊதுபத்தி ஏத்திருவாங்க."

சம்பந்தி அம்மாளின் கை டம்ளருக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. இலையை மூடக்கூட இல்லை, எழுந்து நேராகக் காரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பாதி இலையில் ஒரு சம்பந்தி எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

நான் செய்த அடுத்த காரியத்துக்குக் காரணம் பதற்றம். பாயாசத்தில் ஒன்றும் இல்லை என்று நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்து, குண்டானோடு காருக்குப் பக்கத்தில் ஓடி வந்து, சம்பந்தி அம்மாள் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேராக நின்று, "பாருங்கம்மா, நானே குடிக்கறேன்" என்று கரண்டியை வீசிவிட்டுக் குண்டானையே வாயில் கவிழ்த்தேன். அது அப்போதுதான் அடுப்பில் இருந்து இறங்கியது. நாக்கு வெந்து, முந்திரி தொண்டையில் நின்று, கண்ணில் தண்ணீர் வந்து, இருமி இருமி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்து சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தாங்கள் டிரைவரிடம், "எடுப்பா வண்டிய" என்றீர்கள். தங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சம்பந்தி, அவள் சொன்னது சீரியல். எங்கள் வீட்டுக் கதை அல்ல, தங்கள் வீட்டுக் கதையும் அல்ல. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாயங்காலம் ஏழரைக்குத் தமிழில் ஓடுகிறதே மாமியார் மருமகள் சீரியல், அதே கதை கன்னடத்திலும் ஓடுகிறது. ஆட்கள்தான் வேறு, புடவை, சண்டை, விஷம் எல்லாம் ஒன்று. கன்னடத்தில் மூன்று மாதம் முன்னால் போகிறது. நாகம்மாள் ஆனேக்கல் பக்கத்தில் பிறந்தவள், கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் ஏழு மணிக்குக் கன்னடத்தைப் பார்த்துவிட்டு, தமிழ் பார்க்கிறவர்களுக்கு இனி வரப்போவதைச் சொல்லிவிடுவாள். இதற்காகவே காலையில் பால் ஊற்றப் போகிற பெண்கள் எங்கள் வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "நாகம்மாக்கா, அந்தப் புள்ளைக்கு கொழந்த பொறக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். ஓசூர் கம்பெனி வேன் டிரைவர்கூட ஹாரன் அடித்து நிறுத்தி, "அந்த டாக்டர் நல்லவனா கெட்டவனாக்கா?" என்று கேட்கிறான். மாரியம்மன் கோயிலில் சாயங்கால பூஜையை ஆறரைக்கு மாற்றியிருக்கிறார்கள். நாளைக்குத் தண்ணீர் வருமா, கரண்ட் இருக்குமா என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கார்த்திகை மாதம் சீரியலில் யார் சாவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி, நான் நெஞ்சாரச் சொல்கிறேன், இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சீரியல் பார்ப்பவன் அல்ல. பேப்பர் படிக்கும்போது எதிரே ஓடுவதால் கண்ணில் படும், அவ்வளவுதான்.

தாங்கள் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. இருந்திருக்கலாம். மறுநாளே, வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், கண்ணால் பார்க்கட்டும் என்று, கன்னடத்தில் அந்த மாமியார் பாயாசம் குடித்துச் சாயும் காட்சியை முழுதாக எடுத்து சம்பந்தி அம்மாளின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். கூடவே, "நல்லாப் பாருங்க, இதைத்தான் என் மனைவி சொன்னது" என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஐந்து நிமிடத்தில் அவர்கள் போட்டோ என் போனில் இருந்து மறைந்துவிட்டது. "அப்பா, உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்றாள் ஜெயப்ரியா.

பிறகு தரகர் பொன்னுசாமியை அனுப்பினேன். வீட்டில் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் கதையைச் சொல்லிக்கொடுத்து, "மாமியாவ மருமவ கொல்றது சீரியல்ல மட்டுந்தான்னு தெளிவா சொல்லு" என்று அனுப்பினேன். அந்த ஆள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அவர் பார்ப்பது அதே கதையின் தெலுங்கு. அது இன்னும் முன்னால் போய்விட்டதாம், அதில் மாமியாரே திரும்பி மருமகளைத் தீர்த்துக்கட்டுகிறாராம். தங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, "என்னமோ தெரியலங்க, மாமியா சாவறான்னு ஆரம்பிச்சதுமே அந்தம்மா ரெண்டு காதையும் பொத்திக்கினு உள்ள ஓடிட்டாங்க" என்றார். ஆக, தங்கள் வீட்டில் இப்போது எங்கள் பெண் கொலைகாரி, தங்கள் மனைவியும் கொலைகாரி. நான் யார் முகத்தில் விழிப்பது?

அந்த மாமியாரை நினைத்துத்தான் சம்பந்தி அம்மாள் பயந்தார்கள் என்றால், பயமே வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தம்மா சாகவில்லை. மாலை போட்டார்கள், ஊதுபத்தி ஏற்றினார்கள், எல்லாம் சரி; ஆனால் போன திங்கட்கிழமை கன்னடத்தில் காட்டிவிட்டான். சிக்கமகளூரில் ஒரு காபித் தோட்டத்தில் உயிரோடு இருக்கிறார். நினைவு தப்பிவிட்டது, தன் பெயர்கூடத் தெரியவில்லை. காப்பாற்றி அங்கே வைத்திருப்பது அந்த டாக்டர். அவனை நான் முதலில் இருந்தே நல்லவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், வேன் டிரைவர்தான் நம்பவில்லை. விஷம் வைத்த மருமகளே கடைசியில் அந்தம்மா காலில் விழப்போகிறாள், அது அவள் அழுகிற அழுகையிலேயே தெரிகிறது. இதை நான் சொல்வது கதைக்காக அல்ல. சீரியலில்கூட மாமியாரை நிஜமாகச் சாகடிக்க ஆளில்லை, எங்கள் வீட்டுப் பெண்ணா செய்வாள் என்று தாங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காக.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெயப்ரியாவுக்கு வீட்டில் டிவி பார்க்க நேரம் கிடையாது. காலை ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கு வேன். கம்பெனியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வைத்துப் பழுது கண்டுபிடித்துவிட்டு வந்து, வீட்டில் யார் பழுதையும் அவள் சொல்ல மாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடமோ நாகம்மாளிடமோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள், காலையில் கண் வீங்கியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டாளாம். "அம்மா சாயங்காலமானா அழுவறாங்க, என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாராம். அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்களால் தங்கள் வீட்டில் ஒரு பெண்மணி தினமும் அழுகிறார்கள் என்றால் நாங்கள் என்ன மனிதர்கள்?

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை நானே மாடியில் ஏறி டிஷ்ஷைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டேன். இனி எங்கள் வீட்டில் டிவி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகும் கிடையாது. இது சத்தியம். இறக்கிய பத்தாவது நிமிடம் தெருப் பெண்கள் வந்துவிட்டார்கள். "ஏங்க, அந்தம்மாவுக்கு நெனப்பு வருமா வராதான்னு யாரு சொல்றது எங்களுக்கு?" என்று பொற்கொடி என் சட்டையைப் பிடிக்காத குறை. நாகம்மாள் என்னோடு பேசுவதில்லை. சாம்பாரில் உப்பும் போடுவதில்லை. நான் அசையவில்லை. என் மகளின் வாழ்க்கைக்கு முன்னால் சீரியல் எனக்குத் தூசு.

தாங்கள் பெரிய மனது பண்ணி, சம்பந்தி அம்மாளை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை வர வேண்டும். பாயாசம் வேண்டாம், பருப்புப் பூரணம் வைத்து ஒப்பட்டு போடுகிறோம். முதல் ஒப்பட்டை நானே அவர்கள் எதிரில் பிட்டுத் தின்கிறேன், ஆற வைத்து. நாகம்மாள் அன்று வாயைத் திறக்க மாட்டாள், அதற்கு நான் ஜவாப்தாரி. தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. அம்மன் எல்லோருக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், முதலில் எனக்கு.

இப்படிக்கு,
தங்கள் உறவை எதிர்பார்த்து நிற்கும்,
ராமப்பன்.

பி.கு: கடிதத்தைக் கொண்டு வரும் பொன்னுசாமி வாசலில் நின்று பஸ்ஸுக்கு அவசரப்படுத்துகிறார், எனவே சுருக்கமாக எழுதுகிறேன். இப்போதுதான் சம்பந்தி அம்மாள் தங்கள் போனில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். விஷத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "எனக்கு மருந்து வெப்பாங்கன்னு நான் பயந்தனா? நல்லாக்கீது! உங்க பொண்ணு தங்கமான பொண்ணுங்க" என்றார்கள். பிறகு அழுதுகொண்டே சொன்னார்கள். "நாலு வருசமா தெனம் சாயங்காலம் அந்தம்மாவோடதான் ஒக்காந்துக்கினு இருக்கறேன். அவரு கடையில, பையன் ஓசூர்ல வேலையில, எனக்கு வேற யாரு இருக்கறா? அவங்க சாவப்போறாங்கன்னு எலையில ஒக்காந்திருக்கறப்ப சொன்னா சோறு எறங்குங்களா? அதோட வுட்டீங்களா, சாவறத படமாவும் எடுத்து அனுப்பறீங்க. ஆளு வேற அனுப்பி மிச்சத்தயும் சொல்றீங்க. நீங்க இன்னும் என்னென்ன சொல்லுவீங்களோன்னுதான் அவரையும் போன எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்." சம்பந்தி, நான் உடனே மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள், ஒரே நிபந்தனையோடு: "கார்த்திகை வேணாங்க, ஐப்பசியிலயே வெச்சுருங்க. அந்தம்மா உசுரோட இருக்கறப்பவே நடக்கட்டும். அவங்க செத்த வாரத்துல என்னால மண்டபத்துல சிரிச்சுக்கினு நிக்க முடியாது." சரி என்று சொல்லிவிட்டேன். மேலே செய்த சத்தியத்தை இல்லை என்று வைத்துக்கொள்ளவும். தமிழ்க்காரன் கதையை வேகமாக ஓட்டி ஐப்பசியிலேயே அந்தம்மாவைச் சாகடித்துவிடாமல் இருக்கிறானா என்று பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும், ஆகவே டிஷ்காரர் இப்போது மாடியில் இருக்கிறார். இன்னொன்று, மிக முக்கியம். சிக்கமகளூர் காபித் தோட்டத்தைப் பற்றி எழுதிய மூன்றாம் பக்கத்தைத் தாங்கள் உடனே கிழித்து அடுப்பில் போட்டுவிடவும். அந்தம்மா பிழைத்திருப்பது தெரிந்தால், அவர் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் முகூர்த்தம் என்று சம்பந்தி அம்மாள் சொல்லிவிடுவார்கள். அவர் எப்போது வருவார் என்பது கன்னடத்திலேயே இன்னும் தெரியவில்லை. அதுவரை என் பெண்ணால் காத்திருக்க முடியாது.