முன்பக்கப் பிள்ளை, பின்பக்கப் பிள்ளை

எழுமாடம் என்றொரு நாடு. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலில் நிற்பவர் மன்னர் ஒருவர்தான் என்பதால் குழப்பம் ஏதும் வந்ததில்லை. எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு துறை இருந்தது. மழைக்கு ஒன்று, மழை பெய்யாததற்கு ஒன்று. குழந்தைகளுக்கென்று துறை இல்லை. குழந்தைகள் எழுதும் தாள்களுக்கு இருந்தது.

அந்நாட்டின் தலைநகரில், சாயப்பட்டறைத் தெருவின் பதினேழாம் எண் வீட்டில் மரகதம் குடியிருந்தாள். வீடு என்பது பத்தடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அவளும், சந்தையில் மூட்டை தூக்கும் கணவன் வேலப்பனும், நான்காம் வகுப்பு கயலும், ஒன்றாம் வகுப்பு அல்லியும் அதற்குள்தான் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், படுத்தார்கள், சண்டை போட்டார்கள்.

மரகதத்துக்கு எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு, சரியாகச் செய்தோமா என்ற சந்தேகமும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பிள்ளைகளின் பைகளையும் தரையில் கவிழ்த்து, தாள்களை மூன்றாகப் பிரிப்பாள். நன்றாக எழுதிய தாள், பிள்ளைக்கு மாதம் ஒன்று, பிஸ்கட் டின்னுக்குள் போகும். கிழிந்ததும் கசங்கியதும் அடுப்புக்கு. மூன்றாவது குவியலில் கயல் ஒரு பக்கம் மட்டும் எழுதிய பரீட்சைத் தாள்கள் இருக்கும். அவற்றின் பின்பக்கத்தில்தான் அல்லி வீட்டுப்பாடம் எழுதினாள். அவளுடைய டீச்சரும் அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டு அனுப்பினார். இடமும் மிச்சம், தாளும் மிச்சம். இதற்காகத் தாள்துறையே ஒருமுறை மரகதத்தை மேடையேற்றி எவர்சில்வர் தட்டு கொடுத்திருந்தது.

மறு வருடம் பள்ளி திறந்த அன்று ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் வந்தது.

“மாண்புமிகு தாள்துறை அமைச்சரின் ஆணை! ஒரு குழந்தைக்கு அது எழுதிய தாளே சாட்சி. தாள் உள்ள குழந்தை உள்ள குழந்தை. தாள் இல்லாத குழந்தை இல்லாத குழந்தை. இனி எழுதப்படும் எந்தத் தாளும் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. வருட முடிவில் ஆய்வு நடைபெறும்!”

இல்லாத குழந்தைக்கு ரேஷன் அரிசி கிடையாது, பள்ளியில் இடமும் கிடையாது என்பதை வண்டி திரும்பிப் போகும்போது சொன்னது.

ஆவணி மாதத்துக்குள் பிஸ்கட் டின் நிறைந்தது. தகரப் பெட்டியிலிருந்த துணிகள் கொடிக்குப் போயின, பெட்டிக்குள் தாள்கள் போயின. அப்போது இரண்டாவது ஆணை வந்தது. தாள்களை மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை போட்டுப் பரப்பி வைக்க வேண்டும். வேலப்பன் சந்தையிலிருந்து உடைந்த பழப்பெட்டிகளைச் சுமந்து வந்து பலகை அடித்தான். பாதி அறை போயிற்று.

மூன்றாவது ஆணை, தாள் இருக்கும் இடத்துக்குப் பத்தடிக்குள் நெருப்பு ஆகாது என்றது. அறையே பத்தடிதான். அடுப்பு தெருவுக்கு வந்தது. மழை பெய்த நாட்களில் தெரு முழுக்க எல்லோரும் அவலை நனைத்துத் தின்றார்கள். நான்காவது ஆணை, மனிதர் விடும் மூச்சில் தாள் நமத்துவிடும் என்று கண்டுபிடித்து, ஓர் அறையில் இரண்டு பேருக்குமேல் தங்கக் கூடாது என்றது. வேலப்பனும் கயலும் சாக்கடையோரம் சாக்கைக் கூரையாகக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். ஐப்பசி மழையில் கயலுக்கு இருமல் பிடித்தது. தாள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“நாந்தான் சரியா அடுக்கலையோ என்னவோ,” என்றாள் மரகதம். “இன்னும் கொஞ்சம் நெருக்கி அடுக்குனா அவ உள்ள படுக்கலாம்.”

எதிர்வீட்டு ரோசம்மா அடுப்பை ஊதிக்கொண்டே நிமிர்ந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். “ஆமாடி, நீ அடுக்குன அடுக்குலதான் இந்த ஊரு கெட்டுப்போச்சு. போவியா!”

பங்குனியில் ஆய்வாளர் சபாநடேசர் வந்தார். குடை பிடிக்க ஒருவர், முத்திரை சுமக்க ஒருவர் உடன் வந்தார்கள். மூன்று பேர் உள்ளே நுழைந்தால் தாள் நமத்துப்போகும் என்பதால் மரகதத்தையும் பிள்ளைகளையும் வெளியே நிறுத்தினார்கள். சபாநடேசர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார், திருப்பினார், மீண்டும் திருப்பினார். பிறகு வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

“அம்மணி, ஒழுங்கில் குறையில்லை. ஆனால் ஒரே தாளில் இரண்டு கையெழுத்து காணப்படுகிறதே?”

“மூத்தவ பரீட்சை எழுதின தாளுங்க ஐயா. பின்னாடி சின்னவ வீட்டுப்பாடம் எழுதுவா. நீங்கதான் போன வருஷம் அதுக்குத் தட்டு குடுத்தீங்க.”

“தட்டு போன வருடத்துக் கொள்கை,” என்றார் சபாநடேசர். “ஒரு தாள் ஒரு குழந்தைக்குத்தான் சாட்சி சொல்ல முடியும். முதலில் எழுதிய பக்கம் முன்பக்கம். பின்பக்கம் சட்டத்தின் பார்வையில் வெற்றுத்தாள். ஆகவே தங்களுக்கு ஒரு குழந்தைதான் உண்டு.”

“அல்லி இந்தா நிக்கிறாளே ஐயா!”

“நிற்பதை நான் மறுக்கவில்லை. இருப்பதைத்தான் மறுக்கிறேன்.”

அல்லி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நான் எங்கம்மா இல்ல?”

சபாநடேசர் அவளைப் பார்க்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். “அரசு கருணையற்றதல்ல. தாள்களைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அப்போது சின்னது முன்பக்கம் ஆகிவிடும், பெரியது பின்பக்கம் போய்விடும். எது வேண்டும் என்று மூன்று நாளில் எழுதிக் கொடுங்கள். இதில் அரசு தலையிடாது. அது தாயின் சுதந்திரம்.”

அன்று சாயப்பட்டறைத் தெருவில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. புதுத் தாள் வாங்க முடிந்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. எல்லா வீட்டிலும் அண்ணன் எழுதியதற்குப் பின்னால் தம்பியும், அக்காள் எழுதியதற்குப் பின்னால் தங்கையும் எழுதியிருந்தார்கள். மறுநாளே குழாயடியில் முன்பக்கப் பிள்ளைகளுக்குத் தனி வரிசை வந்துவிட்டது. யாரும் ஆணையிடவில்லை, தாய்மார்களே பிரித்து நிறுத்தினார்கள். பின்பக்கப் பிள்ளைகளைப் பம்பர விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாதே என்று ஒரு தகப்பன் மகனுக்குச் சொன்னதை மரகதம் காதால் கேட்டாள். போன வாரம்வரை அந்தப் பின்பக்கப் பிள்ளைக்கு அந்த ஆள்தான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான். அது அவனுடைய இளைய மகன்.

“மூத்தவளாவது தப்பிக்கட்டும்,” என்றான் வேலப்பன். “படிப்பு வர்ற பிள்ள. ஆறாவது போகப்போறா. ரெண்டும் போனா என்ன பண்றது, சொல்லு?”

“அப்ப சின்னவள என்ன பண்றது? நீ சொல்லு.”

வேலப்பன் சாக்குக் கூரையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“அஞ்சு வருஷம் நான் படிச்சிட்டேன்ல,” என்றாள் கயல், இருமிக்கொண்டே. “அவளுக்கு இன்னும் கூட்டலே வரலம்மா. என்னைத் திருப்பிருங்க.”

மரகதம் அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பத்து வயதுப் பிள்ளையை இப்படிப் பேச வைத்தது யார்? ஒரு வருடமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்: டின்னை முன்பே மாற்றியிருக்க வேண்டுமோ? அல்லிக்கென்று நான்கு தாளாவது தனியாக வாங்கியிருக்க வேண்டுமோ? மாதம் ஒன்று என்ற கணக்கே தப்போ? இரண்டாம் நாள் முழுவதும் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பக்கம் என்ற கட்டத்தில் பேனாவை வைப்பாள், எடுப்பாள். வியர்வையில் படிவம் தொடையோடு ஒட்டியது. உரித்தெடுத்தபோது அதன் மறுபக்கம் கண்ணில் பட்டது.

மறுபக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு இருந்தது. ஏதோ ஒரு குழந்தையின் கோணல் கையெழுத்து. ‘ஏழெட்டு ஐம்பத்தி நாலு’ என்று தப்பாக எழுதியதை ஒரு டீச்சர் சிவப்பு மையில் சுழித்திருந்தார்.

மரகதம் அதை நான்கு முறை படித்தாள். அவளுடைய சந்தேகம் அந்த இடத்தில் நின்றுபோனது. அது இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. எழுந்து தெருவைக் கடந்து ரோசம்மா வீட்டுக்குப் போனாள். ரோசம்மாவின் படிவத்துக்குப் பின்னால் ஒரு குழந்தை மயில் வரைந்திருந்தது. அடுத்த வீட்டுப் படிவத்துக்குப் பின்னால் தேசிய கீதம் இருந்தது.

மூன்றாம் நாள் தாள்துறை அலுவலகத்தின் முன்னால் சாயப்பட்டறைத் தெரு முழுவதும் நின்றது. சபாநடேசர் படி இறங்கி வந்தார். மரகதம் படிவத்தை அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள்.

“இதுல முதல்ல எழுதினது யாரோ ஒரு புள்ள. அப்ப அதுதானே முன்பக்கம்? உங்க ஆணைதான் பின்பக்கம். உங்க சட்டப்படி அது வெறுந்தாளு ஐயா.”

சபாநடேசர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“அரசாங்கத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, அம்மணி. எழுதியாயிற்றா? யார் முன்பக்கம்?”

மரகதம் எழுதியிருந்தாள். கயலின் பெயரும் அல்லியின் பெயரும் அடுத்தடுத்து, பின்பக்கம் என்ற கட்டத்தில் இருந்தன. முன்பக்கம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

“ரெண்டும் என் புள்ளைங்க. இல்லேன்னா ரெண்டுமே இல்லன்னு போட்டுக்குங்க. எவளையும் நான் திருப்ப மாட்டேன்.”

“தங்களுக்கு அரிசி நின்றுபோகும்.”

“தெரியும்.”

“பள்ளியில் இருவர் பெயரும் அடிக்கப்படும்.”

மரகதம் படிவத்தை அவர் கையில் திணித்தாள். வேலப்பன் பின்னாலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, கயலைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ரோசம்மா முந்திக்கொண்டு வந்தாள். “எனக்கு மூணு. மூணையும் பின்னாடியே போடுய்யா!” அவளுக்குப் பின்னால், தலை சீவிவிடும் அந்தத் தகப்பன் தன் படிவத்தில் எழுதியிருந்ததை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் மற்றத் தெருக்களும் வந்தன. வைகாசி பிறப்பதற்குள் தலைநகரின் பதிவேட்டில் ஒரு குழந்தைகூட இல்லை.

மக்கள் பயந்தார்கள், அரசு பயப்படவில்லை. அமைச்சர் ஒலிபெருக்கியில் மகிழ்ச்சியோடு பேசினார். “பெருமக்களே! இன்று நம் தலைநகரில் பள்ளிக்குப் போகாத குழந்தை ஒன்றுகூட இல்லை! பசித்த குழந்தை ஒன்றுகூட இல்லை! உலகில் வேறெந்த நாடும் எட்டாத சாதனை இது!” பள்ளிகளைப் பூட்டி, தெருத்தெருவாகத் தாள்களை அள்ளிக்கொண்டுபோய் வகுப்பறைகளில் அடுக்கினார்கள். மரகதத்தின் அறையில் பழையபடி இடம் வந்தது. நான்கு பேரும் காலை நீட்டிப் படுக்கலாம். ரேஷன் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளும் ஒருவேளைக் கஞ்சிக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாதம் தேர்தல் வந்தது. மன்னர் ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக வருவார் என்று அறிவித்தார்கள். வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சபாநடேசர் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார். இந்த முறை குடை பிடிக்க ஆள் இல்லை.

“அம்மணி, ஓர் உதவி. மன்னர் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது படம் எடுப்பது நம் மரபு. ஒரே ஒரு குழந்தை, சும்மா இரண்டு நிமிடம். முகம் கழுவிப் பொட்டு வைத்து...”

மரகதம் வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்குப் பின்னால் உள்ளே அல்லி கரித்துண்டால் சுவரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“குழந்தையா? எந்தக் குழந்தைங்க ஐயா?” என்றாள். “இந்த ஊர்ல குழந்தையே கிடையாதுன்னு மைக் வச்சுச் சொன்னீங்களே.”

கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டில் ரோசம்மா சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருக்கோடிவரை ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. மேளம் வந்தது. மாலையோடு மன்னர் வந்தார். குழந்தை இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. கேமராக்காரர் ‘தயார்’ என்றதும், மன்னர் பழக்கத்தில் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி, வாய் நிறையச் சிரித்தார்.

மறுநாள் நாட்டின் எல்லாச் செய்தித்தாளிலும் முதல் பக்கத்தில் அந்தப் படம் வந்தது. ‘மழலையைக் கொஞ்சும் மன்னர்’ என்று கீழே எழுதியிருந்தது. குழந்தை கொழுகொழுவென்று இருப்பதாகத் தலையங்கம் பாராட்டியது.

வேலப்பன் சந்தையிலிருந்து பழம் சுற்றிக் கொண்டுவந்த தாளைக் கயல் விரித்து, தங்கைக்குப் படித்துக் காட்டினாள். அல்லி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“அம்மா, இவரு கையில ஒண்ணுமே இல்லையே. ஏன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு?”

“பிச்சை கேக்குறாருடி,” என்றாள் மரகதம். “அடுத்த வாரம் ஓட்டு.”