சம்பந்திக்குச் சம்பந்திக்குச் சம்பந்தி

ஒரு பொருளை நேராக எடுத்து நேராகக் கொடுக்கத் தெரியாத ஒரே மனிதர், காஞ்சிபுரத்திலேயே எங்கள் பொட்டலம் சார்தான். அவருடைய மதிய இட்லி இலைக்குள் இருக்கும். இலை டப்பாவுக்குள், டப்பா கவருக்குள், கவர் பைக்குள். அவர் பிரித்து முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவி வந்துவிடுவோம்.

எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் அவர் டெஸ்டர். நாங்கள் கட்டுவதை உடைப்பதுதான் வேலை. அதை அவர் அனுபவித்துச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பட்டுக் கடைக்கு ஆர்டர் ஆப் செய்துகொண்டிருந்தோம். கல்யாணப் பட்டெடுக்க யார் தனியாக வருகிறார்கள்? அதனால் ஒரு குடும்பத்துக்குள் அத்தை குடும்பம், அதற்குள் அத்தையின் சம்பந்தி குடும்பம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். அதைப் படித்துப் பிரிக்க, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு லைப்ரரியை, அதாவது யாரோ எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராமை, போட்டிருந்தோம். இந்தக் கடை கைவிட்டுப் போனால் ஆபீசை மூட வேண்டியதுதான் என்று முதலாளி கோமதி மேடம் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் பார்க்க வந்த அன்றைக்கா பொட்டலம் சார் தன் வேலையைக் காட்ட வேண்டும்? ஒரே ஒரு ஆர்டர். சம்பந்திக்குள் சம்பந்தி, ஆயிரக்கணக்கில். எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு கர்சீப். சர்வர் மல்லாந்துவிட்டது.

"இன்னாமா, சுத்திக்கினே இருக்குது?" என்றார் கடைக்காரர்.

மேடம் முகம் வெளுத்துப்போனது. பொட்டலம் சார் பெருமையாகக் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார் அனுப்பினேன். பொட்டிக்குள்ள பொட்டி. மொத பொட்டியக் கீழ வைக்காமயே அடுத்ததத் தொறக்குது இந்த லைப்ரரி. கை எத்தினிதான் தாங்கும்?"

"இத நேத்தே சொல்லக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார் மேடம்.

"இன்னிக்கித்தாம்மா தோணிச்சி."

"இவ்ளோ சொந்தம் எவனுக்குபா இருக்குது?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணக்காரனுக்கு இருக்காது சார். வம்புக்காரனுக்கு இருக்குமே! முகூர்த்த நாள்ல எவனாவது இப்டி ஒண்ணு அனுப்பினா, மத்தவங்க ஆர்டரும் சேர்ந்து படுத்துக்கும்."

கடைக்காரர் யோசித்தார். "சரி, எத்தோட நிறுத்தணும்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அவர் விரல் மடக்கினார். "மாப்ள அக்கா... அவ நாத்தனார்... நாத்தனார் மாமியார். அவ்ளோதான். அதுக்கு மேல எவளுக்கும் பட்டு கெடையாது, ரவிக்கைத் துணிதான்!"

அதையே வரம்பாகப் போட்டோம். அதைத் தாண்டினால் லைப்ரரி மேற்கொண்டு பிரிக்காமல் ஆர்டரைத் திருப்பிவிடும். பொட்டலம் சார் மறுபடி அனுப்பிப் பார்த்தார். சர்வர் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது. மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"இப்டி ஒரு ஆள வச்சிக்கினு இருக்கிறீங்களே, உங்ககிட்டயே குடுக்கிறேம்மா" என்றார் கடைக்காரர். மேடம் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

பொட்டலம் சார் இப்போது பெங்களூரில் இருக்கிறார். இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, யாரும் எதையும் உடைப்பதில்லை. எனக்குத்தான் வேலையில் மனசே ஒட்டவில்லை.