கவர்னரை மாற்றிவிட்டேன், கையெழுத்துப் போட மாட்டேன்

பேரன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. நானும் உங்கள் அக்காவும் சுகம்; நம் பஸ்ஸும் சுகம். மூன்றாவது சுகத்தை நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். பஸ்ஸைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று நீங்கள் அனுப்பிய பத்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. உங்கள் பாதிக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். என் பாதிக்கு நான் போடுவதாக இல்லை. காரணத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் வண்டி எனக்கு அடங்காமல் போனது உண்மைதான். கடைவீதி நிறுத்தத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், நான் ஆக்ஸிலரேட்டர் மிதியைத் தொடக்கூட இல்லை, இன்ஜின் தானாகவே இரையத் தொடங்கி, ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் பல்லைக் கடித்து, தெருவே புகையில் கறுத்துப்போய், நான் சாவியைத் திருப்ப, டீசல் இன்ஜின் என்றைக்குச் சாவிக்குக் கட்டுப்பட்டது, ஸ்டாப் கம்பியை இழுக்க அது கையோடு வந்துவிட, ஏறியவர்கள் ஏறிய வேகத்தைவிட வேகமாக இறங்கிவிட்டார்கள். சில்லறை கேட்டால் இறங்கும்போது தருகிறேன் என்பதால் 'வாய்தா' என்று பெயர் வாங்கிய நம் கண்டக்டர்தான் ஓடிவந்து, இன்ஜின் காற்றிழுக்கும் வாயில் தன் தோல்பையை அமுக்கி அதன் மூச்சை நிறுத்தினார். டிக்கெட் கட்டில் பாதியை இன்ஜின் தின்றுவிட்டது.

டீசல் பம்பு மெக்கானிக் தன் கடை ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே சத்தத்தை விசாரித்துவிட்டு, “கவர்னர் போயிடுச்சு. வண்டிக்கும் வயசாயிடுச்சு, கொடுத்துடுங்க” என்றார். கவர்னர் என்றால், டீசல் பம்பின் முதுகில் உட்கார்ந்துகொண்டு, இன்ஜின் இழுக்கும் காற்றை வைத்து அதற்கு எவ்வளவு டீசல் என்று அளந்து விடுகிற சாமான். அது தூங்கினால் இன்ஜின் அளவில்லாமல் குடித்துவிட்டு ஆடும். வாகன ஆய்வாளர் வர இன்னும் பத்தே நாள். அவர் தேறாது என்று எழுதிவிட்டால் இருபத்தாறு வருட வண்டி அன்றோடு சரி.

நான் நேரே நீங்கள் சொன்ன அதே இரும்புக் கடைக்குத்தான் போனேன். நம் பஸ்ஸை எடைபோடக் காத்திருந்த மனிதர் வாசல்வரை வந்து வரவேற்றார். அவரிடமே, உடைத்துப் போட்டிருந்த இன்னொரு பஸ்ஸின் கவர்னரைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பழையதை எடுத்து இதை மாட்டுகையில் கடுகளவு பின் ஒன்று கைநழுவி, வாய்தாவும் நானும் வண்டிக்கடியில் குப்புறப் படுத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேட, கடைசியில் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. கவர்னர் திருகாணியைக் கால் சுற்று வலம், அரைக்கால் சுற்று இடம் என்று மூன்று நாள் திருப்பினேன். நான்காம் நாள் முன்னறையில் கால் மெஷினில் துணி தைத்துக்கொண்டிருந்த உங்கள் அக்கா எழுந்து வெளியே வந்தாள்.

“என்னங்க, உங்க இன்ஜின் ஏறினா என் காலும் ஏறுது, இறங்கினா இறங்குது. மூணு ஜாக்கெட்டுல தையல் அலையலையாப் போயிருக்கு. நான் என்னன்னு சொல்லிக் கொடுக்கிறது?”

அவள் இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்தாள். “இங்க எங்கேயோ காத்து சீறுது” என்று சொல்லி, இன்ஜின் வாயிலிருந்து கவர்னருக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்தாள். இன்ஜின் அந்த நொடியே சாந்தமாயிற்று. விரலை எடுத்தால் ஆட்டம், வைத்தால் சாந்தம். வெடித்திருந்த முனையைக் கத்தரித்துவிட்டுக் குழாயை இறுக்கிச் செருகினோம். அதற்குப் பிறகு திருகாணியைச் சரியான அளவில் வைத்தது முழுக்க முழுக்க நான்தான். அதில் மாற்றுக்கருத்து இல்லை.

ஆய்வாளர் வந்தார். மிதியை அடிவரை அமுக்கினார். இன்ஜின் தன் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது, ஒரு மயிரிழை தாண்டவில்லை. காலை எடுத்தார், இறங்கி ஒரே சுருதியில் முனகியது. பிறகு ஓடுகிற இன்ஜினின் மூடிமேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போன வருடம் அதே இடத்தில் போட்டது புழு நெளிந்ததுபோல் இருந்தது. இந்த வருடம் அச்சடித்ததுபோல் இருக்கிறது. “யாரு வேலை பார்த்தது?” என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். வாய்தா என்னைக் கைகாட்டினார். நேற்று அறுபத்திரண்டு பேரோடு மேட்டுத் தெருவை இரண்டாம் கியரில் ஏறினேன், மைத்துனரே! ஒருவர்கூட இறங்கித் தள்ளவில்லை.

உங்கள் பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் ஏற வேண்டிய நேரத்தில் ஏறி, நிதானிக்க வேண்டிய இடத்தில் நிதானித்து, நூறாண்டு நன்றாக ஓட என் ஆசிகள்.

வெற்றியுடன்,
அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் பம்பு மெக்கானிக் பழப்பையோடு நன்றி சொல்ல வந்தார். நான் கழற்றி அவர் கடையில் போட்டுவிட்டு வந்த பழைய கவர்னரைத் திறந்து பார்த்தாராம். உள்ளே எல்லாம் புதுசு போல இருந்ததாம். வேறொருவர் பஸ்ஸில் மாட்டிவிட்டாராம், அது பிரமாதமாக ஓடுகிறதாம். ஆக, கெட்டிருந்தது அந்தக் குழாய் முனை மட்டும்தான் போலிருக்கிறது. உங்கள் அக்கா அவருக்கு டீ கொடுத்துவிட்டு, “அப்போ இவரு எதை ரிப்பேர் பண்ணினாரு?” என்று கேட்டாள். மெக்கானிக்கும் நானும் டீயைக் குடித்தோம்.